காட் மீன்கள் சபையில் சேர்ந்த வருடம்

எங்கள் ஊர்ச் சபைக்குக் காட் மீன்கள் வரத் தொடங்கியது 1741-ஆம் வருடம், மே மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு அடிக்கும் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே துறைமுகத்திலிருந்து வரிசையாக, வாலால் நடந்து, மேடேறி வந்தன. காட் என்பது எங்கள் குளிர்கடலில் பிடித்துக் கருவாடு போடும் பெரிய மீன்; வந்தவை எல்லாம் நல்ல கனம். வாசற்படியில் ஈரத்தை உதறிவிட்டு உள்ளே நுழைந்து, பிந்தி வருகிறவர்களுக்கான கடைசிப் பலகைகளில் அமர்ந்தன.

என் பெயர் ஜோதாம் பெல். மாசசூசெட்ஸ் கரையில் இருக்கும் ஆல்டன்போர்ட் என்ற ஊரின் சபை எழுத்தன். மணி அடிப்பது, பலகை துடைப்பது, கூட்டத் தீர்மானங்களை எழுதுவது, யார் எங்கே உட்கார வேண்டும் என்று காட்டுவது, எல்லாம் என் பொறுப்பு. ஆகவே மீன்களைப் பார்த்ததும் எனக்கு வந்த கவலை இடத்தைப் பற்றியதுதான்.

எங்கள் ஆராதனை வீட்டில் முதல் பலகை கப்பல் முதலாளி நெகேமியா டார்ஸ்ட் அவர்களுடையது. அவருக்குப் பின்னால் நிலம் உள்ளவர்கள். அவர்களுக்குப் பின்னால் தொழில் உள்ளவர்கள். அதற்கும் பின்னால் ஒன்றும் இல்லாதவர்கள். மேல்மாடத்தில் வேலைக்காரர்களும் அடிமைகளும். இது தேவன் வகுத்த வரிசை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு கமிட்டி கூடி அதைத் திருத்தும்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. மீன்களுக்கு நிலம் இல்லை என்றார் ஒருவர். கடல் இருக்கிறதே என்றார் இன்னொருவர். கடல் எத்தனை ஏக்கர் என்று யாருக்கும் தெரியவில்லை. அளந்து பார்த்தால் டார்ஸ்ட் பின் பலகைக்குப் போக நேரிடும் என்பதால், அளக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. எடைப்படி உட்காரட்டும் என்றோம். மீன்கள் ஒத்துக்கொண்டன.

மீன்கள் ஏன் வந்தன என்று யாரும் கேட்கவில்லை. ஏப்ரலில் ஊர் ஊராகப் போய் எழுப்புதல் பிரசங்கம் செய்யும் ஒருவர் வந்திருந்தார். எங்கள் போதகர் எப்ராயீம் க்ளாஸ் அவருக்குப் பிரசங்கபீடத்தைத் தரவில்லை. அந்த மனிதர் படகுத்துறையின் நுனியில் நின்று இரண்டு நாள் பேசினார். காற்று கடல் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

பிரச்சினை பிரசங்கத்தின் நீளத்தில் இருந்தது. போதகர் மூன்று மணி நேரம் பேசுவார். ஒரு மணி நேரத்திலேயே மீன்களுக்குச் செவுள் உலர்ந்துவிடும். இரண்டாம் ஞாயிறு, நரகத்தைப் பற்றிய பகுதியில், நான்கு மீன்கள் மயங்கிச் சாய்ந்தன. போதகர் அதைத் தன் பேச்சின் வல்லமை என்று எடுத்துக்கொண்டார். மேல்மாடத்தில் இருந்த கஜோதான் இறங்கி வந்து, தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி அவற்றின் மேல் கவிழ்த்தான்.

கஜோ டார்ஸ்டின் அடிமை. பீப்பாய் செய்கிறவன். வயது நாற்பது இருக்கும். அவன் செய்த பீப்பாய்களில்தான் எங்கள் ஊர்க் கருவாடு பார்பேடோஸ் தீவு வரை போனது. அடுத்த ஞாயிற்றுக்குள் பழைய பீப்பாய்களை இரண்டாக அறுத்து, கடல் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு மீனுக்கும் ஓர் அரைப் பீப்பாய் வைத்துவிட்டான். மீன்கள் இடுப்புவரை தண்ணீரில் நின்று பிரசங்கம் கேட்டன. மீனுக்கு இடுப்பு எது என்று கேட்டபோது, "தண்ணீர் நிற்கிற இடம்" என்றான் கஜோ.

அவனுடைய மனைவி ஃபிலிஸை இரண்டு கோடைக்கு முன் டார்ஸ்ட் நியூபோர்ட்டில் ஒரு வீட்டுக்கு விற்றிருந்தார். கஜோ அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறை பேசியிருக்கிறான். "நியூபோர்ட் எத்தனை நாள் நடை?" என்று கேட்டான். நான்கு நாள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் மாதம் மீன்கள் ஞானஸ்நானம் கேட்டன. எங்கள் சபையில் அதற்கு முன், தன் உள்ளத்தில் நடந்ததை எல்லோர் முன்பும் எழுந்து சொல்ல வேண்டும். நாற்பது ராத்தல் எடையுள்ள ஒரு மீன் முதலில் எழுந்தது.

"கீழே இருந்தேன். மேலே வெளிச்சம் தெரிந்தது. வந்துவிட்டேன்" என்றது.

பத்தொன்பது வருட ஊழியத்தில் இவ்வளவு சுருக்கமான சாட்சியைக் கேட்டதில்லை என்று சொல்லிப் போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. தண்ணீரிலேயே வாழ்கிறவர்கள் மேல் தண்ணீர் தெளித்தால், எது ஞானஸ்நானம், எது வழக்கம் என்று எப்படித் தெரியும்? ஒரு வாரம் உபவாசம் இருந்து யோசித்தார். கடைசியில், கிணற்றுத் தண்ணீர் என்று தீர்ப்பானது. நாற்பது ராத்தல் மீனுக்கு பேஷன்ஸ் என்று பெயர் வைத்தோம். அன்று மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் அசந்துபோய், மூன்று மீன்களுக்கு ஒரே பெயர் போட்டுவிட்டேன். அவை வருத்தப்படவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. என் மனைவி சில்லா டார்ஸ்டின் கருவாட்டுக் கொட்டகையில் மீன் வகிர்கிறவள். ஊரிலேயே அவள் கத்திக்குத்தான் வேகம் அதிகம். அன்று பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"மேஜையில் பேஷன்ஸைக் கொண்டுவந்து போடுகிறார்கள்" என்றாள். "நேற்று என் பக்கத்தில் நின்று பாடினவள். பாட்டுப் புத்தகத்தில் எனக்குப் பக்கம் தெரியாமல் போனபோது, துடுப்பால் தொட்டுக் காட்டினாள். அவளை எங்கிருந்து வகிர்வேன்?"

"வலையில் அகப்பட்டதுதானே?"

"வலையை இழுத்தவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள்."

கொட்டகையிலிருந்த மற்றப் பெண்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். பேஷன்ஸை அவர்களே கைத்தாங்கலாகக் கடலில் கொண்டுபோய் விட்டார்கள். ஞானஸ்நானம் பெறாத மீனை மட்டும் வகிரலாம் என்று டார்ஸ்ட் சொல்லியனுப்பினார். அன்று மாலையே மீதி மீன்கள் எல்லாம் போதகர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றன. அந்த வரிசை படகுத்துறையைத் தாண்டி, தண்ணீருக்குள் எதுவரை போனது என்று தெரியவில்லை. கிணறு வற்றத் தொடங்கியது.

டார்ஸ்டின் கப்பல் நான்கு வாரத்தில் பார்பேடோஸுக்குப் புறப்பட வேண்டும். கருவாடு போனால் சர்க்கரைப்பாகு வரும். பாகு வந்தால் ஊரில் ரம் காய்ச்சலாம். ரம் இருந்தால்தான் கூரை வேய்வதற்குக்கூட ஆள் வருவார்கள். கப்பல் காலியாக நின்றது. கூரைகள் ஒழுகின. டார்ஸ்ட் சபைக் கூட்டத்தைக் கூட்டினார்.

கூட்டம் என்றால் வாக்கு. வாக்கு ஆண் அங்கத்தினர்களுக்கு மட்டும். மீன்களில் எது ஆண் என்ற கேள்வி வந்தது. சில்லாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"வயிற்றைக் கீறினால் சொல்வேன்" என்றாள் சில்லா. "கீறாமல் தேவனுக்குத்தான் தெரியும்."

சபையாரைக் கீறுவது முறையல்ல என்பதால் எல்லா மீன்களுக்கும் வாக்கு உண்டு என்று எழுதிக்கொண்டேன். அதன்படி மனிதர்கள் ஐம்பத்துநான்கு. மீன்கள் முதல் நாள் பட்டியலின்படி இருநூற்றுப் பன்னிரண்டு.

டார்ஸ்ட் எழுந்தார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. "ஞானஸ்நானம் ஆத்துமாவுக்கு. உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது நான் கண்டுபிடித்ததல்ல, இந்தக் கரை முழுவதும் உள்ள வழக்கம். அதோ என் கஜோ. ஆறு வருடத்துக்கு முன் இதே இடத்தில் ஞானஸ்நானம் பெற்றான். மறுநாள் காலை எனக்குப் பீப்பாய் செய்தான். இன்றும் செய்கிறான். எழுத்தரே, எழுதிக்கொள்ளுங்கள்: ஞானஸ்நானம் பெற்றவர் விஷயத்தில், கஜோவுக்கு எப்படியோ மீனுக்கும் அப்படியே."

எழுதினேன். ஆறு வருடமாக அவனுக்கு நேரே நின்று மணி அடித்தவன் நான். இதை ஒரு கேள்வியாக ஒருநாளும் நினைத்ததில்லை. பேனா ஓடும்போது காது சூடாகியது.

மேல்மாடத்தில் கஜோ எழுந்து நின்றான்.

"எழுத்தர் ஐயா, எழுதியதை ஒருமுறை வாசிப்பீர்களா?"

வாசித்தேன்.

"அதையே திருப்பி வாசித்தாலும் சரியாகத்தான் இருக்குமா? மீனுக்கு எப்படியோ கஜோவுக்கும் அப்படியே என்று?"

நான் போதகரைப் பார்த்தேன். போதகர் கல்லூரியில் தர்க்கம் படித்தவர். வருடக்கணக்கில் யாரும் அவரிடம் தர்க்கம் கேட்டதில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியே என்றால் இரண்டு பக்கமும் அப்படியேதான்" என்றார். "ஐயமே இல்லை!"

"அப்படியானால் மீனைப் பற்றி வாக்கெடுங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டு கஜோ உட்கார்ந்தான்.

ஞானஸ்நானம் பெற்ற மீன் யாருக்கும் சொந்தமல்ல, அதை விற்கக் கூடாது என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றேன். இருநூற்றுப் பன்னிரண்டு துடுப்புகள் ஒரே நேரத்தில் எழுந்தன. தெறித்த தண்ணீரில் முதல் மூன்று பலகைகளும் நனைந்துவிட்டன. எண்ணிக்கொண்டே வந்தபோது ஒரு கை அதிகமாக இருந்தது. அது என்னுடையது. என்னைக் கேட்காமலே எழுந்திருந்தது. அதைப் பார்த்து இன்னும் பதினோரு பேருடைய கைகளும் எழுந்தன.

டார்ஸ்ட் எழுதச் சொன்ன வாக்கியமும் வாக்கின் முடிவும் சேர்ந்து ஒரே தீர்மானமாயின; அதை முன்மொழிந்தவர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. டார்ஸ்ட் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மீனுக்கு இமை கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு மீன்கள் இமைக்காமல் பார்த்தால் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் தாங்குவார்? கால் மணி நேரம் தாங்கினார்.

"மை சொட்டுகிறது, ஐயா" என்றாள் சில்லா.

டார்ஸ்ட் கையெழுத்திட்டார்.

அதுவரை கஜோவை அவன் என்றே எழுதிவந்தேன். தீர்மானத்தின்படி இனி அவர். அவர் படியிறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் மேல்மாடத்திலிருந்து இன்னும் ஏழு பேர் இறங்கினார்கள். அவர்களில் இரண்டு பேர் ஞானஸ்நானம் பெறாதவர்கள். கிணற்றில் அரை வாளி மிச்சம் இருந்தது, போதும். கீழே வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள். ஒரு வயதான பெண் பேஷன்ஸை அரைப் பீப்பாயோடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். போதகர் ஓய்வுநாளில் ஆடலாமா என்று யோசித்து, இன்று செவ்வாய் என்று நினைவு வந்து, தானும் இரண்டு அடி வைத்தார்.

கஜோவுக்கு முதல் பலகையில் இடம் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"நியூபோர்ட் நான்கு நாள் நடை என்றீர்கள்."

"உங்கள் நடைக்கு மூன்று நாள்" என்றேன்.

"ஃபிலிஸும் ஞானஸ்நானம் பெற்றவள்தான். இதே இடத்தில். தீர்மானத்துக்கு ஒரு நகல் வேண்டும்."

இரண்டு நகல்கள் எழுதிக் கொடுத்தேன். நியூபோர்ட்காரர்கள் இதை ஏற்பார்களா என்று கேட்டேன்.

"அங்கேயும் துறைமுகம் இருக்கிறது, ஐயா" என்றார். "மீன்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்."

சில்லா ஒரு ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் துணியில் கட்டிக் கொடுத்தாள். புதன்கிழமை விடிந்ததும் அவர் தெற்குப் பாதையில் புறப்பட்டுப் போனார். வளைவில் திரும்பி ஒருமுறை கை காட்டினார். மூடி இல்லாத பீப்பாய் ஒன்றைத் தோளில் சுமந்திருந்தார். அதிலிருந்து பேஷன்ஸின் வால் வெளியே தெரிந்தது.

டார்ஸ்டின் கப்பல் பூசணிக்காயை ஏற்றிக்கொண்டு போனது. பார்பேடோஸிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. கப்பலும் வரவில்லை. டார்ஸ்ட் பீப்பாய் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார். முதல் மூன்று ஒழுகின.

கஜோ போன அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடிக்கப் போனேன். ஆராதனை வீடு இருந்த இடத்தில் புல் மட்டும் இருந்தது. மழையில் நெகிழ்ந்த மண்ணில், நான்கு மூலைக்கல் தடங்கள் தெற்குப் பாதையில் மாறி மாறிப் பதிந்து போயிருந்தன. நல்ல அகலமான அடிகள். வீடு பலகைகளைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, கஜோவின் பின்னாலேயே நடந்து போயிருந்தது. சபையாரும் மீன்களும் புல்லில் உட்கார்ந்தார்கள். யார் முதலில் என்று யாரும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்ததும், பெரிய சாவியை ஒரு பையில் போட்டுத் தைத்து நியூபோர்ட்டுக்கு அனுப்பிவைத்தேன். இரவில் அங்கே காற்று பலமாக அடிக்கும். கதவைப் பூட்ட வேண்டியிருக்கும்.