இடது தோள்

மாமா நீட்டிய வெள்ளைச் சட்டையை அக்கா வாங்கவில்லை.

"இப்ப மாத்த வேணாம் மாமா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்."

"செத்தவனுக்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி?"

"எதுல செத்தான்னு பாக்க."

லிஃப்ட் கம்பெனிச் சீருடையோடு தம்பி கட்டிலில் கிடந்தான். காலையில் வேலைக்குக் கிளம்பியவன். ஒரு காலில் மட்டும் ஷூ.

மாமா குரலைத் தாழ்த்தினார். "மாத்திரையை அள்ளிப் போட்டுக்கிட்டான்னு வாசல்லயே பேசறாங்க. சத்தமில்லாம முடிச்சிடலாம்."

"சத்தமில்லாம முடிச்சா அதுதான் நெசம்னு ஆயிடும்."

இருமுனை மனநோய் வந்தபின் அவனுக்கு வேறு நோய் வர யாரும் விடவில்லை. பல் வலித்தாலும் முதுகு பிடித்தாலும் ஒரே கேள்விதான்: "மாத்திரை போட்டியா?" ஒழுங்காகப் போட்டான். உடம்பு ஊதியது, சர்க்கரை ஏறியது. "மேல போறேன், கீழ வரேன். வேலையும் அதான், வியாதியும் அதான்" என்று சிரிப்பான்.

மூன்று மாதம் முன்பு இடது தோள் வலிக்கிறது என்றான். அக்காதான் கூட்டிப்போனாள். டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார். நெஞ்சில் கருவி வைக்கவில்லை. "பதட்டம்தான். நல்லா தூங்கச் சொல்லுங்க."

சமையலறையில் தம்பி மகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தாயில்லாப் பெண். அப்பாவின் பக்கமே வரவில்லை.

"அத்தை, அப்பா என்னை வேணாம்னுட்டாரா?"

"வேணாம்னு நெனக்கிறவன் ஷூ மாட்டுவானாடி? இரு, கேட்டுட்டு வரேன்."

மாமா வாசலில் வழிமறித்து நின்றார். அக்கா அவர் தோளைத் தொட்டு நகர்த்தினாள். "வண்டியில ஏறுங்க மாமா. நீங்களும் காதால கேளுங்க."

மாலையில் உடலைப் பரிசோதித்த பெண் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார்.

"ரத்தக்குழாய் அடைப்பு. மாத்திரையெல்லாம் ஒண்ணும் இல்ல. இதுக்கு முன்னாடியே ஒரு தடவை மாரடைப்பு வந்திருக்கு, இதயத்துல தழும்பு இருக்கு. வலிச்சிருக்குமே. சொல்லலையா?"

"சொன்னான்," என்றாள் அக்கா.

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடலோடு வீடு திரும்பியதும் வண்டியிலிருந்து முதலில் இறங்கியவர் அவர்தான். யாரும் கேட்காமலே வாசலில் நின்றவர்களிடம் சொன்னார்: "மாரடைப்பு." தெருமுனைவரை கேட்டிருக்கும்.

அக்கா சமையலறைக்குப் போய்க் கதவோரம் நின்றாள்.

"கேட்டுச்சா?"

பெண் எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவர் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அது மறுபடியும் விழுந்தது. மறுபடியும் ஒதுக்கினாள்.