பத்தாவது பொறுப்பு

எங்கள் முதலாளிக்கு எதுவானாலும் பத்து இருக்க வேண்டும். ஒன்பது அம்சத்தோடு ஒரு தாளை நீட்டினால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்னம்மா, பாதியிலயே எழுந்து வந்துட்டியா?" என்பார். பதினொன்று இருந்தால் ஒன்றை அடித்துவிடுவார். எது அடிபடுகிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு, சைட் மேனேஜர் பதவிக்கு என்னென்ன பொறுப்புகள் என்று எழுதித் தரச் சொன்னார். ஆபீஸில் டைப் அடிக்கும் எனக்குக் கட்டட வேலையில் தெரிந்ததெல்லாம் வருகைப் பதிவேடும் மணல் லாரிச் சீட்டும்தான். பழைய கோப்புகளைக் கிளறி எப்படியோ ஒன்பதைத் தேற்றிவிட்டேன். பத்தாவதுக்கு மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் ஆட்கள் ஏறி நின்று வேலை செய்யக் கட்டியிருந்த சாரம் கண்ணில் பட்டது. 'தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் சாரத்தைத் தாமே நேரில் பரிசோதித்து, உறுதியாக இருந்தால் மட்டுமே ஆட்களை ஏற்ற வேண்டும்' என்று அடித்தேன். தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டிருந்தால் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியிருப்பேன். என் யோசனை அவ்வளவுதான்.

அந்தப் பதவி அண்ணனுக்குக் கிடைத்தது. கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் கம்பெனியிலேயே மேஸ்திரியாக இருந்தவர், "சாப்பிட்டியாம்மா?" என்று என்னைக் கேட்கும் ஒரே ஆள், அதனால் எனக்கு அண்ணன். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். நான் தாளை நீட்டியபோது கீழே கான்கிரீட் லாரி ஹாரன் அடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் கோப்பில் வைத்து அலமாரியைப் பூட்டினேன்.

போன மாதம் ஆறாவது மாடியில் மேற்குப் பக்கச் சாரம் சரிந்தது. பெயிண்டர்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவனுக்கு இருபத்து நாலு வயது. இன்னொருவர் செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறியிருந்தார். ஒரு வாரம் அந்தச் செருப்பு அங்கேயே கிடந்தது, யாருக்கும் எடுக்கக் கை வரவில்லை. அண்ணனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. பத்து நாள் கழித்து ஜாமீனில் வந்தார்.

கம்பெனி வக்கீல் கோப்பைப் புரட்டிப் பத்தாவது பொறுப்பைக் கண்டுபிடித்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

"நல்லா எழுதியிருக்கம்மா. கம்பெனியையே காப்பாத்திட்ட."



"நாளைக்கு விபத்து விசாரணை. அதிகாரி உன்னையும் கேப்பாரு. ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டி, புரிய வெச்சுத்தான் கையெழுத்து வாங்கினேன்னு சொல்லிடு. அப்புறம், புது ஆள் வராரு. அதே தாள அவருக்கும் ரெடி பண்ணு. பத்தாவத மொதல்ல போடு."

"நான் படிச்சுக் காட்டலையே சார்."

"உன் வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கலல்ல?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஆறு மாதமாக என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

என் இடத்துக்கு வந்து புதுத் தாளை அடிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் அண்ணன் மனைவி வந்தார். உள்ளே வராமல் கதவோரமே நின்றவரை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அழுது முடித்த முகம். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏதோ பத்தாவது வரிங்கிறாங்களே, அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி."

"நீ படிச்சுக் காட்டினதா கம்பெனி வக்கீல் சொல்றாரு. அத வெச்சே அவர உள்ள தள்ளிடுவாங்களாம்."

"படிச்சுக் காட்டல அண்ணி. எடத்த நெரப்பத்தான் எழுதினேன்."

"அத அங்க வந்து சொல்லுவியா?"

திரையில் அதே வரி, இந்தத் தடவை முதலாவதாக, பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. சொல்கிறேன் என்றேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம்.

மறுநாள் விசாரணை அறையில் முதலாளி, வக்கீல், அண்ணன், நான். அண்ணி பின்வரிசையில். அதிகாரி தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இத எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"அவருக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

"இல்ல சார். அவரும் படிக்கல. எங்க முதலாளிக்குப் பத்து வேணும். ஒன்பதுதான் இருந்துது. அதனால ஒண்ணு சேத்தேன்."

வக்கீல் பேனாவை மேஜைமேல் போட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அதிகாரி நிதானமாகக் கேட்டார். "சரி. அப்ப சாரத்தப் பாக்க வேண்டியது யாரு?"

முதலாளி வக்கீலைப் பார்த்தார், வக்கீல் தாளைப் பார்த்தார். அந்தக் கம்பெனியில் சாரத்தை ஒருவர் பார்க்க வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் நான்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் பாக்கல?"

"சாரம் கட்டுறவங்களே பாத்துட்டு ஏறலாம்பாங்க சார். அது அவங்க பாடுன்னு இருந்துட்டேன்."

"உங்க பொறுப்புன்னு தெரிஞ்சிருந்தா?"

அண்ணன் இடுப்பைத் தடவினார். டேப் இல்லை.

"பாத்திருப்பேன் சார். இந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தெனமும் ஏறிப் பாத்திருப்பேன். சொன்ன வேலைய நான் விட்டதே கிடையாது."

என்மேல் பழி போடவில்லை. கோபம்கூட இல்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது என்றார். சாரம் பார்க்க ஆள் வைக்காததற்காக வழக்கில் முதலாளி பெயரும் சேர்ந்தது. அண்ணன் பெயர் நீங்கவில்லை. வெளியே வரும்போது அண்ணி என்னைத் தாண்டிப் போனார். நன்றி சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த நாள் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு என் டிபன் டப்பாவை எடுத்துக்கொள்ளப் போனேன். புது மேனேஜர் என் மேஜையில் குனிந்து நின்றார். நான் அடித்த தாள். ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் அலறிக்கொண்டிருக்கும் போன்.

"கொஞ்சம் இருங்க" என்று தாளை இழுத்துக்கொண்டேன்.

"என்னங்க? எல்லாக் கம்பெனியிலயும் இதேதானே."

அவர் முகத்தைப் பார்த்து, முதல் வரியை வார்த்தை வார்த்தையாக, சத்தமாகப் படித்துக் காட்டினேன். தினமும் காலையில், தாமே, நேரில், உறுதியாக இருந்தால் மட்டுமே.

"அப்ப சாரத்த நான்தான் பாக்கணுமா?" என்று கேட்டார்.

"நீங்கதான்" என்றேன்.

படித்துக் காட்ட அரை நிமிடம்கூட ஆகவில்லை.