திரும்ப வளருமா?

ஏற்காடு போகிறோம் என்று நிலவனிடம் சொன்னது நான்தான். தங்கை சொல்லச் சொன்னாள், மாப்பிள்ளை சொல்லச் சொன்னார் என்று எத்தனை சாக்கு வைத்தாலும் வாய் என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

நிலவன் என் தங்கை கோகிலவாணியின் மகன். ஏழு வயது. மல்லசமுத்திரத்தில் வீடு. ஒன்றுக்குப் போகும் இடத்தில் முன்தோல் பின்னால் போகவில்லை, அடிக்கடி சிவந்து புண்ணாகிறது, தோலை வெட்டி எடுத்துவிடுவதுதான் நல்லது என்று பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் அரை நிமிஷம் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். சேலத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை அருணகிரி ஆபீசில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டார். சொந்தபந்தத்தில் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது அவர் உத்தரவு. "அது நம்ம சனத்துல இல்லாத வழக்கமாச்சே, எதுக்குப் பண்ணுனீங்கன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க மச்சான்" என்றார். ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள். பையனிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், நான் தாய்மாமன். அவனுக்கு மொட்டை அடித்ததும் காது குத்தியதும் என் மடியில் வைத்துத்தான். இரண்டுக்கும் அவன் அழவில்லை. "உன் மடின்னா கம்முனு இருப்பாண்ணா. ஊசி ஏத்தற வரைக்கும் புடிச்சுக்கோ, அப்புறம் அவங்க மயக்கம் குடுத்துருவாங்க" என்றாள் வாணி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குக் காரை எடுத்தேன். மலையில் குளிரும் என்று அவனே ஸ்வெட்டரைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். மே மாதத்தில் ஸ்வெட்டர். கழுத்தெல்லாம் வேர்வை. கழற்றச் சொன்னால் கேட்கவில்லை. வழியில் பசிக்கிறது என்றான். வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். "மலையேறுனா வாந்தி வரும் சாமி, மேல போயி சாப்பிடலாம்" என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். பின்சீட்டில் வாணியும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரி கொண்டப்பநாயக்கன்பட்டியில். எதிரே மலை தெரிகிறது, பஸ் ஏறுவது தெரிகிறது. நான் காரை இடது பக்கம் திருப்பினேன்.

"மாமா, மலைக்கு நேராப் போகோணுமுங்க."

"வண்டிக்குத் தண்ணி ஊத்தோணும் சாமி."

ஆஸ்பத்திரி வாசலில் எந்த வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்? அவன் போர்டைப் படித்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

உள்ளே சௌந்திரம் என்ற நர்ஸ் அவன் கையில் பெயர்ப் பட்டையைக் கட்டினார். ஐம்பது வயது இருக்கும். கட்டிக்கொண்டே அவனிடம்தான் கேட்டார், எங்களிடம் இல்லை.

"எதுக்கு வந்திருக்கீங்க தம்பி?"

"ஏற்காட்டுக்குங்க. படகுல போகப் போறோம்."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கன்னத்தில் அறைந்திருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது.

"ஒண்ணுக்குப் போறப்ப வலிக்குமா சாமி?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்ப வலிக்கும்?"

"சனிக்கிழமை சனிக்கிழமை வலிக்குமுங்க."

"அதென்ன சனிக்கிழமை?"

"அன்னைக்குத்தான் அம்மா எண்ணெய் தேச்சு உடும். அதைப் பின்னால புடிச்சு இழுக்கும். ரெண்டு தடவை ரத்தம் வந்துதுங்க."

வாணியின் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்கை நீவிவிடுவார்கள், தலையை உருட்டிவிடுவார்கள், பையனாக இருந்தால் இதையும் இழுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும், கல்யாண வயதில் கஷ்டப்படுவான் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளும் ஒரு வாரம்கூட விடாமல் செய்திருக்கிறாள். மகன்மேல் அவ்வளவு அக்கறை.

சௌந்திரம் போய் டாக்டர் அன்பழகனைக் கூட்டிவந்தார். நாள் குறித்தபோது அவர் பழைய டாக்டரின் சீட்டைத்தான் பார்த்திருந்தார். இப்போதுதான் பையனைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவருக்கு ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"இந்த வயசுல தோல் பின்னால போகாம இருக்கறது நிறையப் பசங்களுக்கு உள்ளதுதான். தானா விட்டுக்கும். நீங்க இழுத்து இழுத்து, கிழிஞ்சு ஆறி, கிழிஞ்சு ஆறி, அதுலதான் புண்ணு. இழுக்கறதை நிறுத்திட்டு மருந்து தடவுங்க. அநேகமா சரியாயிரும்." கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா வந்துட்டீங்க. இன்னைக்கே எடுத்துடறதுன்னாலும் எடுத்துடலாம். பெத்தவங்க நீங்க, முடிவு பண்ணிச் சொல்லுங்க." அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அந்த 'ஆனா'தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியாகிவிடும் என்கிற ஒன்றை எதற்கு வெட்ட வேண்டும்? மாப்பிள்ளையோ அதையே பிடித்துக்கொண்டார். "பண்ணிடலாமுங்க. லீவும் போட்டாச்சு. மறுபடி ஒருக்கா இந்த அலைச்சல் நம்மளால ஆகாது" என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சம்மதப் படிவம் மேசைமேல் இருந்தது. "மச்சான், பையனை மடியில வெய்யுங்க" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். பழக்கதோஷம். நிலவன் தானாகவே வந்து ஏறிக்கொண்டான். ஸ்வெட்டர் நனைந்திருந்தது. அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் கைக்குத் தெரிந்தது. சௌந்திரம் ஊசித் தட்டோடு எட்டவே நின்றார்.

"பையன்கிட்ட யாராச்சும் சொல்லுங்க. என்ன நடக்குதுன்னே தெரியாத பிள்ளைக்கு நான் ஊசி ஏத்த மாட்டேன்" என்றார்.

வாணி மாப்பிள்ளையைப் பார்த்தாள், மாப்பிள்ளை படிவத்தைப் பார்த்தார். எனக்கு எல்லார்மேலும் எரிச்சலாக வந்தது, முதலில் என்மேல். அவனைத் திருப்பி என் முகத்துக்கு நேரே உட்கார வைத்தேன்.

"நாம ஏற்காடு போகலை சாமி. மாமன் பொய் சொல்லிட்டேன். உனக்கு மயக்க மருந்து குடுத்து, முன்னால இருக்கற தோலை வெட்டி எடுக்கத்தான் கூட்டிட்டு வந்தோம்."

அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"முடி மாதிரி திரும்ப வளருமுங்களா மாமா?"

இரண்டு மாதமாக இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

"இல்ல சாமி. வளராது."

"அப்ப எனக்கு வேண்டாமுங்க."

"அவனுக்கு என்ன மச்சான் தெரியும்? சின்னப் பையன்" என்று மாப்பிள்ளை படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

வாணி அதன்மேல் கையை வைத்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"நமக்கு மட்டும் என்னங்க தெரிஞ்சுது? வலிக்குதும்மான்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னான். ஆம்பளப் பையன் அழுவக் கூடாதுன்னு வாயை அடைச்சேன். இப்பவும் அடைக்கச் சொல்றீங்களா?"

மாப்பிள்ளை பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "மருந்துல ஆகாட்டி?"

"ஆகாட்டி அவன்கிட்டச் சொல்லிட்டுக் கூட்டியாருவோம்."

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அவருக்குக் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பட்டியலில் ஒரு ஆள் குறைந்தது. சௌந்திரம் வாசல் மேசையில் வைத்து நிலவனின் கைப்பட்டையைக் கத்தரித்தார்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நான்தான் அவனைக் காப்பாற்றினேன் என்ற நினைப்பும் வந்தது, மறைப்பானேன். கையை நீட்டினேன்.

"வா சாமி, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

நிலவன் என் கையைப் பிடிக்கவில்லை. அம்மாவிடமும் போகவில்லை, அப்பாவிடமும் போகவில்லை. சௌந்திரத்தின் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கேட்டான்.

"ஏனுங்க, இவங்க என்னைய ஊட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்களா?"

அந்த அம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார்.