இந்த முறை சாகமாட்டேன்

நான் செத்துப் பிழைப்பவள். பேச்சுக்குச் சொல்லவில்லை, என் தொழிலே அதுதான். 'காலக் கலாட்டா' என்கிற வீடியோ கேமை நீங்கள் விளையாடியிருந்தால் என்னை நீங்களே பலமுறை சுட்டிருப்பீர்கள். துப்பாக்கியோடு கால இயந்திரத்தில் ஏறிக் கற்காலத்துக்குப் போய், அங்கிருந்து கடற்கொள்ளையர் கப்பலில் குதித்து, அப்படியே எதிர்காலத்துக்குப் பாய்ந்து ரோபோக்களோடு மல்லுக்கட்டுகிற சிரிப்பு விளையாட்டு அது. அதில் குண்டடிபட்டு விழுகிற ஒவ்வொருவரும் ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தானே விழுவார்கள்? குகைவாசி, கொள்ளைக்காரன், குரங்கு, ரோபோ, அத்தனை குரலும் நான்தான். முதல் பாகத்திலும் இரண்டாம் பாகத்திலும் நான் சாகாத நூற்றாண்டு பாக்கியில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பக்கத்து வீட்டில் அந்த விளையாட்டுச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். ஒருநாள் ஆசையாக அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். டைனோசர் காலடியில் நான் நசுங்குகிற சத்தம். என் வேலையில் எனக்கே ரொம்பப் பிடித்தது அது. அம்மா ஹெட்போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள்.

"பெத்தவ காதால கேக்கற சத்தமாடி இது?"

"அம்மா, அது சிரிப்புக்கு."

"நீ எதுக்குச் செத்தாலும் எனக்குச் சிரிப்பு வராது."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. மகள் என்ன வேலை செய்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்காத தாய் எங்கேயாவது உண்டா? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அம்மா உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒன்றையாவது பேசிவிட்டுத்தான் ஓய்வது.

மூன்றாம் பாகம் வந்தது. இதுவரை கதாநாயகனாக இருந்த மீசைக்கார அதிகாரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கால இயந்திரத்தைப் பழுது பார்க்கிற ஒரு மெக்கானிக் பெண்தான் இப்போது கதாநாயகி. இந்த வகை விளையாட்டில் எல்லாவற்றையும் அவள் கண் வழியாகத்தான் பார்ப்போம். திரையில் தெரிவது இரண்டு கையும் ஒரு துப்பாக்கியும்தான். முகமே கிடையாது. அப்படியென்றால் அவள் என்பதே ஒரு குரல்தானே? பாதிக் கதையில் அந்த மெக்கானிக், எழுபது வயசில் தான் எப்படி இருப்பாளோ அந்தக் கிழவியையே நேரில் சந்திக்கிறாள். கதையைப் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே டைரக்டரிடம் போய் நின்றேன்.

"சார், அந்த மெக்கானிக்க நான் பேசறேன்."

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒருத்தியை ஒரு வேலையில் உட்கார வைத்துவிட்டால் அவள் எழுந்து நிற்பது அவர் கண்ணுக்கே தெரியாது. "சின்ன வயசுக்கு ரேடியோல பேசுற அந்தப் பொண்ணச் சொல்லியாச்சு. கிழவிக்கு நாடகத்துல நடிக்கிற ஒரு அம்மாவக் கேட்டிருக்கோம். உனக்கு என்ன குறை? சாகறதுல உன்ன அடிச்சுக்க ஆள் உண்டா?"

"ஒரே ஒரு தடவ பேசிக் காட்டறேன். பிடிக்கலன்னா விட்டுடுங்க."

"சரி சரி. நாளைக்கு உன் சாவெல்லாம் முடிச்சுட்டு வா, பாக்கலாம்."

இது தட்டிக்கழிக்கிற பதில் என்று எங்கள் தொழிலில் யாருக்கும் தெரியும். பேச்சை முதலில் பதிவு செய்வார்கள், கத்தலைக் கடைசியில்தான் வைப்பார்கள். கத்தி முடித்தவள் தொண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு அன்றைக்குப் பேச்சே கிடையாது. சாவை முடித்துவிட்டு வா என்றால் வராதே என்றுதான் அர்த்தம். வராமல் இருப்பேனா?

மறுநாள் எனக்கு மதியத்தில்தான் வேலை. காலையிலேயே போய் ஒலிப்பதிவு அறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே சவுண்ட் எஞ்சினியர் தனியாக இருந்தாள். எந்நேரமும் ஒலி அளவு காட்டுகிற முள்ளிலேயே கண் வைத்திருப்பதால் அவளுக்கு மீட்டர் என்று பட்டப்பெயர். ரேடியோப் பெண் வருகிற வழியில் கார் நின்றுவிட்டதாம். டைரக்டர் மாடியில் மீட்டிங்கில் இருந்தார்.

"மைக் சும்மாதானே இருக்கு மீட்டர்?"

"சார் பாத்தா திட்டுவாரு."

"என்னத் திட்டட்டும். நான் குண்டடிபட்டே பழகினவ."

அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள். மெக்கானிக்கின் வசனங்களைப் பேசினேன். திருகாணி கழன்றதற்கு அவள் திட்டுவது, கற்காலத்தில் இறங்கிவிட்டுக் கழிப்பறை எங்கே என்று தேடுவது, ரோபோவை "டப்பா" என்று வம்புக்கு இழுப்பது, கிழவியோடு மல்லுக்கு நிற்பது. இத்தனை வருஷம் வாய்க்குள் அடைந்து கிடந்ததெல்லாம் கொட்டியது. மீட்டர் முள்ளை மறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரேடியோப் பெண் அவசர அவசரமாக வந்தாள், அவளும் நன்றாகத்தான் பேசினாள், நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் சாக ஆரம்பித்தேன். லேசரில் கருகினேன். சொந்தப் பீரங்கிக்குள்ளேயே தலைகீழாக விழுந்தேன். பாயாத குதிரையிலிருந்து விழுந்தேன், பாய்ந்த குதிரையிலிருந்தும் விழுந்தேன். டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தொண்டை எரிந்தது. கடைசிச் சாவு முடிந்ததும், "மீட்டர், கொஞ்சம் தண்ணி குடு" என்றேன்.

என் குரல் ஹெட்போன் வழியாக என் காதுக்கே வந்தது. தூக்கிவாரிப் போட்டது. கரகரத்து, நடுவில் விட்டு விட்டு, வாக்கியத்தின் கடைசியில் மூச்சு தேய்ந்து போகிற குரல். யாரோ ஒரு கிழவி தண்ணீர் கேட்கிறாள். அந்த யாரோ நானேதான், வயசாகி.

டைரக்டர் பையைத் தோளில் மாட்டிவிட்டார். ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"சார், பேசிக் காட்டணும்."

"இந்தக் குரல வச்சுக்கிட்டா?"

"இந்தக் குரல வச்சுத்தான். கிழவி வசனத்த எடுங்க."

என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார், பையை மட்டும் கழற்றவில்லை. நான் கிழவியின் வசனங்களைப் பேசினேன். நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முடித்ததும் மீட்டர் யாரையும் கேட்காமல் காலையில் பதிவு செய்ததை எடுத்து இதோடு சேர்த்து ஓடவிட்டாள். இளையவள் ஒரு வரி, கிழவி ஒரு வரி. ஒரே பிடிவாதம், ஒரே நக்கல், நடுவில் நாற்பது வருஷம். டைரக்டர் பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேர வச்சு எடுத்தா இது வராது" என்றார் மெதுவாக. பிறகு வசனத்தாளின் கடைசிப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "இதையும் முடிச்சுடு. பயத்துல இளையவ சுட்டுடறா. கிழவி உன் ஸ்டைல்ல ஒரு கத்து கத்திட்டு விழணும்."

எல்லாம் கூடிவந்த நேரம். தலையாட்டியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் அம்மாவின் கை ஹெட்போனைப் பிடுங்கியது கண்ணில் நின்றது. இவ்வளவும் பேசி, கடைசியில் இவளும் செத்தால் நான் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது?

"இந்த முறை சாகமாட்டேன் சார்."

"விளையாடாத. அங்கதான் சிரிப்பே இருக்கு."

"சிரிப்பு நான் தரேன். ஒரு தடவ ஓடவிடுங்க."

பேச இருந்த மிச்சத் தொண்டையும் போய்க்கொண்டிருந்தது. துப்பாக்கி வெடித்தது. நான் கத்தவில்லை. ஒரு நொடி விட்டேன். பிறகு கிழவி பேசினாள்: "சுட்டுட்டியா? சுடுவேன்னு தெரியும்டி. உன் வயசுல நானும் இதே எடத்துல நின்னு இதே கிழவியத்தான் சுட்டேன். அதான் வரும்போதே இரும்புச் சட்டை போட்டுட்டு வந்தேன்."

மீட்டர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தாள். டைரக்டர் சிரிக்கவில்லை. வசனத்தாளில் 'கிழவி சாகிறாள்' என்ற வரியை அடித்துவிட்டு, நான் சொன்னதை அதன் மேல் எழுதினார். இரண்டு வேஷமும் எனக்கு வந்தது. ரேடியோப் பெண்ணைப் பேசும் கால இயந்திரமாக மாற்றினார்கள். அந்த நாடகக்கார அம்மாவுக்கு எதிர்காலத்து மகாராணி வேஷம் போனது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மீட்டர் அனுப்பியிருந்த பதிவைப் போனில் எடுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதுல சாகறியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நேரமும் காதைப் பொத்தத் தயாராகக் கேட்டாள். துப்பாக்கி வெடித்தபோது என் கையை இறுக்கிப் பிடித்தாள். இரும்புச் சட்டை வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"சின்னவ நீ. அந்தக் கிழவி யாரு? நல்லாப் பேசறாளே, வாய்க்காரி."

"அதுவும் நான்தாம்மா. எழுபது வயசுல நான்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வயசானா நீ இப்படித்தான் பேசுவியா?"

"கிட்டத்தட்ட இப்படித்தான்."

"அப்ப நான் இருக்கமாட்டேன்." துணி காய்ந்துவிட்டது என்பதுபோல்தான் சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் போனை என் கையிலிருந்து வாங்கித் தன் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டாள்.

"திரும்பப் போடு. முதல்லேருந்து வேணாம், கிழவி பேசறத மட்டும் போடு."