பெட்டிக்கு அடியில் ஓர் ஓட்டை

ஜீப்பின் பக்கவாட்டுத் தகட்டில் டிரில்லை வைத்தபோது தயங்கியது உண்மைதான். நல்ல தகட்டை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் இந்த வேலையைக் கேட்கப் போனபோது மெக்கானிக், "வீட்ல ஆம்பளைங்க யாரையாவது வரச்சொல்லும்மா, அவங்ககிட்ட சொன்னா புரியும்" என்றிருந்தார். வருடக்கணக்காக மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுக் கன்றைத் திருப்பி எடுக்கிற டாக்டர் நான். எனக்கு ஒரு குழாய் மாட்டுவது புரியாதாம். அந்தக் கோபம்தான் டிரில்லை அழுத்த வைத்தது.

மாட்டியது ஸ்நார்கெல். இன்ஜின் மூச்சு வாங்கும் வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கி வைக்கிற குழாய். பாலத்தை வெள்ளம் கொண்டுபோனதிலிருந்து அக்கரைக்கு ஆற்றில் இறங்கித்தான் போகிறேன். இன்ஜின் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும், நடு ஆற்றில் படுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடித்து மாட்டினேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் ஈரம் வடிவதற்கு ஒரு சின்ன ஓட்டை உண்டு. கடைசியாக அதையும் ரப்பர் வைத்து அடைத்தேன். அதைத் திறந்துவிட்டு ஸ்நார்கெல் மாட்டுவது, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதை.

அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் யார் எதைச் செய்தாலும் கடைசியில் அவர் ஒரு கை வைக்க வேண்டும். அக்கா வைத்த குழம்பானாலும் சரி, நான் அடித்த ஆணியானாலும் சரி. "உன்மேல அக்கறைடி" என்பாள் அக்கா. அக்கறையாம்.

மறுநாள் காலை அக்கரையிலிருந்து போன். கன்று பின்புறமாக வருகிறது, பசு எழுந்திருக்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினால், மாமா முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். "நம்ம வேலை எப்படி இருக்குன்னு பாத்துரலாம்."

நம்ம வேலையாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆற்றங்கரையில் கியரை மாற்றும்போது சாவகாசமாகச் சொன்னார். "பெட்டிக்கு அடியில ஓட்டைய தெரியாம அடைச்சுட்ட போல. காலைல நான்தான் புடுங்கிப் போட்டேன். நல்லவேளை பாத்தேன்."

பிரேக்கை மிதித்தேன். "அந்த ரப்பர் எங்க மாமா?"

"குப்பைலதான்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? ஓட்டை வச்ச கம்பெனிக்காரன் என்ன முட்டாளா?"

ஜீப் நடு ஆற்றில் நின்று, அக்கரையில் பசு செத்துப்போயிருந்தால், "நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்வதற்கும் இவர்தான் முதல் ஆளாக வந்திருப்பார். எதிர்க்கரையில் பசுவின் சொந்தக்காரி துண்டை வீசி வீசிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எறங்குங்க மாமா."

"எதுக்கு?"

"எறங்குங்க."

பானெட்டைத் தூக்கி, ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். கன்று எடுக்கப் போட்டுக்கொள்ளும் நீளக் கையுறை ஒன்றைக் கயிறாகத் திருகி ஓட்டையில் திணித்து, மேலே பிளாஸ்திரியை ஒட்டினேன். போகும்வரை தாங்கலாம். தாங்காமலும் போகலாம். மாமா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இழுத்து ஒட்டு" என்றார். நான் பானெட்டை அறைந்து மூடினேன். வாயைத் திறந்திருந்தால் அக்காவின் உறவே அறுந்துபோயிருக்கும்.

முதல் கியரில் இறங்கினேன். தண்ணீர் பம்பரில் ஏறி, விளக்குகளை மூடி, பானெட்டின் மேல் புரண்டது. இன்ஜின் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி ஆற்றில் கண்ணாடியைப் பார்த்தேன். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, தண்ணீரில் நின்றபடி மாமா இரண்டு கைகளையும் ஆட்டி எனக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். "போ, போ, லெஃப்ட்ல ஒடி."