இடது கைகால் கூட்டு

புஷ்பவள்ளிக்கு வந்த பக்கவாதத்தை லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சீட்டுப் பிடிப்பதுபோலக் கூட்டுக் கட்டி, ஆளுக்கொரு மாதமாக எடுத்துக்கொண்டார்கள். எண்பத்து நான்காம் வருடம், ரப்பர் விலை இறங்கிக் கிடந்தபோது, மலேசியாவில் ஜெராம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டத்தில் நடந்தது இது. பால் வாளியோடு மரத்தடியில் சாய்ந்தவளுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புருசன் போய்ச் சேர்ந்து வெகு காலம். மகள் கங்கா ஒருத்திதான். இருந்த காசு டாக்சிக் கூலிக்கும், பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் கொடுத்த தடவும் எண்ணெய்க்கும் போயிற்று. கங்கா மரம் சீவப் போனால் அம்மாவைப் புரட்டிப் போட ஆளில்லை. அம்மாவோடு இருந்தால் செக்ரோல் பதிவேட்டில் வேலையாளாக அந்த வீட்டுப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் லயத்தில் வீடும் இல்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணி ஐயாவு வாசலில் நின்றபடியே, மாசக் கடைசிக்குள் ஒரு பேர் கொடுத்துவிடம்மா, மேலே கேட்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

சம்பளத்தன்று மாதாமாதம் எல்லாரும் கட்டுகிற கூட்டுக் காசை ஒருத்தி மொத்தமாக எடுத்துக்கொள்ள, மைலோ டின்னில் பேர்களைச் சுருட்டிப் போட்டுக் குலுக்குவார்கள். அந்த மாதக் குலுக்கல் புஷ்பவள்ளி படுக்கையருகே நடந்தது. செல்லன் பெண்சாதி சின்னம்மா டின்னைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "காசத்தான் ஊரு முழுக்க சுத்த விடுறோம். இந்த வாதத்தையும் சுத்த விட்டா என்னலா?" என்றாள். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. குலுக்கியபோது அவள் பேரே விழுந்தது. மறுநாள் விடியுமுன் புஷ்பவள்ளி எழுந்து கத்தியைத் தீட்டிக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள், சின்னம்மா எழவில்லை. வேலை பிரிக்கும் மண்டோர் வந்தவளையும் வராதவளையும் பார்த்தார். தலைக்கணக்கு சரியாக இருந்ததால் பேசாமல் மர நிரையைப் பிரித்துக் கொடுத்தார்.

வாதம் எந்த வீட்டிலோ, கங்கா அந்த வீட்டில் என்று ஏற்பாடு. எண்ணெய் தேய்ப்பாள், கஞ்சி ஊட்டுவாள், தலை சீவிப் பின்னிவிடுவாள். மற்ற வீடுகளில் செக்ரோலில் புருசன் பேராவது இருந்தது, சம்பளமாவது வந்தது. அதுவரை அடுப்படி தெரியாத செல்லன் சோற்றைத் தீய்த்தான். படுத்தபடியே சின்னம்மா கொடுத்த திட்டு நாலு வீடு தாண்டிக் கேட்டது. தீபாவளி மாதம் யாருக்கு விழுமோ என்று எல்லாரும் பயந்தார்கள். விழுந்தவள் ஒரு கையாலேயே முறுக்குப் பிழிந்தாள். கொஞ்சம் கோணலாக இருந்ததே தவிர ருசி குறையவில்லை.

நல்லம்மாள் பேர் விழுந்தபோதுதான் சிக்கல். லயத்துக் கடைசி வீட்டில் தனியாக இருந்து புல் வெட்டப் போய்வந்தவள். ஒரே மகன் கோலாலம்பூர் போனவன் போனவன்தான். துணி காயப்போடும் கொடிக்கம்பி விஷயத்தில் புஷ்பவள்ளியோடு பேச்சு நின்று வருடக்கணக்கு. உனக்கு வேண்டாம், தனி ஆள் என்று பெண்கள் சொன்னதற்கு, கூட்டுக் கட்டினவளுக்குப் பங்கு இல்லையா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மாதம் முடிந்து குலுக்கினார்கள், வேறு பேர் விழுந்தது, வாதம் நகரவில்லை. போய்க் கேட்டால், நான் கொடுக்கவில்லை என்கிறாள். கூட்டுக் காசை எடுத்துக்கொண்டு உலு யாம் பக்கம் ஓடினவளை அவர்களுக்குத் தெரியும். வாதத்தை எடுத்துக்கொண்டு சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்போது கிராணி பேர் கேட்டு நல்லம்மாள் வாசலில் நின்றார்.

புஷ்பவள்ளி வேலை முடிந்த கையோடு போனாள். "என்னோடத குடுத்துரு. வீடு போயிரும் ஒனக்கு."

"போவட்டும். ஒன் மவ வந்து தலை சீவி விடுது. என் தலையில வேற கை பட்டு எத்தன வருசம் தெரியுமா? நல்லா இருந்தப்ப இந்த வாசப்படி மிதிச்சியா நீ?"

புஷ்பவள்ளி படுக்கையருகே உட்கார்ந்தாள். கங்கா பாதி பின்னியிருந்த சடையை வாங்கி, ரப்பர் பால் காய்ந்த விரல்களாலேயே மீதியைப் பின்னினாள். முடித்துவிட்டு, "எங்க வீட்டுக்கு வந்துரு. வீட்டுக்குப் பேரு என்னுது இருக்கு. கம்பிய நீயே வச்சிக்க" என்றாள்.

செல்லன் தள்ளுவண்டியில் நல்லம்மாளையும் அவள் பாத்திரங்களையும் கொண்டுவந்து இறக்கினான். வாதம் அவளிடமே தங்கிவிட்டது. யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை. சில வருடத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். கங்கா கலும்பாங்கில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். கூட்டு மட்டும் நிற்கவில்லை. சம்பளத்தன்று காசுக்கு ஒருமுறை, நல்லம்மாளுக்கு ஒருமுறை என்று டின்னை இரண்டு தரம் குலுக்கினார்கள். இரண்டாவதில் பேர் விழுந்த வீடு அந்த மாதம் அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவ வேண்டும். சின்னம்மா காய்ச்சலில் கிடந்த மாதம் செல்லன் சீப்போடு வந்து உட்கார்ந்தான். நல்லம்மாள் வலது கையால் தலையைத் தடவிப் பார்த்தாள். "வகிடு கோணிக்கிட்டுப் போவுது தம்பி. பிரிச்சி மறுபடி எடு."

அவன் பிரித்து மறுபடி எடுத்தான்.