பாத்திரக்கடை மணி

அந்த மணியை வண்டியில் மாட்டக் கூடாது என்று முதலில் சொன்னவன் நான்தான். யார் கேட்டார்கள்? டிரைவர் முனிரத்தினம் பேச்சுக்கு ஸ்டேஷனில் என்ன மதிப்பு என்பது அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது.

எங்கள் தீயணைப்பு வண்டி மதராஸில் ஓடி ஓடி அலுத்துப்போய்க் காஞ்சிபுரத்துக்கு வந்த வண்டி. அறுபத்தெட்டாம் வருஷம் மாசியில் அதன் மணி விரிசல் விட்டது. அடித்தால் ஓட்டைத் தகரச் சத்தம். மதராஸுக்கு எழுதிப் போட்டோம். பதில் வருவதற்குள் ஊரே எரிந்துவிடும் என்று ஸ்டேஷன் ஆபீசர் ராமலிங்கம் பாத்திரக்கடைக்குப் போய் ஒரு வெண்கல மணி வாங்கி வந்தார். சாமி புறப்பாட்டில் முன்னால் அடித்துக்கொண்டு போவார்களே, அதே மணி.

"சார், இது கோயில் மணி சார். ஜனங்க கொழம்பிப்பூடும்" என்றேன்.

"மணின்னா மணிதான்பா. நீ வண்டிய ஓட்டு" என்றார்.

எங்கள் வேலையில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. ஆபீசர் உத்தரவு போடுவார். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து லீடிங் ஃபயர்மேன் அப்பாதுரை அண்ணன் மணி அடிப்பார். போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் குழாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். டிரைவர் மட்டும் வண்டியோடு நிற்க வேண்டும். பம்பு அவன் பொறுப்பு. எவன் வீடு எரிந்தாலும் அதை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் நெருப்புக்குள் நிற்கிறவனுக்குத் தண்ணீர் நின்றுபோகலாம்.

பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் மேட்டுத் தெருவின் மாடிக் கடை ஒன்றிலிருந்து போன் வந்தது. நெசவுக்காரர் வீடுகளின் பின்கட்டில் புகை தெரிகிறதாம். பட்டம்மாள் வீட்டுப் பக்கம் என்றார் ஆபீசர்.

பட்டம்மாள் என் மாமியார். தலைப்பிரசவத்துக்காக என் பெண்டாட்டி ஏலவார்குழலி அங்கேதான் இருந்தாள். நிறைமாதம். மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது, "சாயங்காலம் அம்மா பூ வாங்கப் பூடும். சாமி வர்ற வரிக்கும் நான் பின்னால ரூம்ல படுத்துக்கினு இருப்பேன். தட்டெல்லாம் எடுத்து வெச்சிட்டேன்" என்று கொட்டாவி விட்டாள். அவள் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அந்த அறைக்கும் அதை ஒட்டிய சமையல் கொட்டகைக்கும் ஒரே ஓலைக் கூரைதான். வண்டியை விரட்டினேன்.

மேட்டுத் தெருவில் திரும்பினால், தெரு முழுக்கப் பெண்கள். கையில் தட்டு, தட்டில் தேங்காய், கற்பூரம். புகை பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்ததால் தெருவில் ஒருவருக்கும் விஷயம் தெரியவில்லை. மணிச் சத்தம் கேட்டுச் சாமிதான் சீக்கிரம் வந்துவிட்டது என்று வீட்டுக்கு வீடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் ரேடியேட்டரைக் கும்பிட்டார்கள். அப்பாதுரை அண்ணன் மணியை அடிக்க அடிக்க இன்னும் ஆள் சேர்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"நெருப்பு பத்திக்கினு எரியுதுமா. சாமியும் இல்ல, பூதமும் இல்ல. வழிய வுடுங்க" என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். ஒரு தட்டு மட்டும், கற்பூரம் எரிய எரிய, வண்டிக்கு நேர் எதிரே நின்றது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏ எரும மாடு, நவுரு" என்றேன். தட்டு ஒதுங்கியது.

மாமியார் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். பின்பக்கம் தீ ஆளுயரத்துக்கு மேலே எழும்பியிருந்தது.

"அண்ணா, பின்னால ரூம்ல என் சம்சாரம் தூங்கிக்கினு இருக்குது."

"நான் பாக்கறேன். நீ பம்ப வுடாத" என்று சொல்லிவிட்டு அப்பாதுரை அண்ணன் உள்ளே ஓடினார்.

நின்றேன். வாசல் எனக்கு எதிரேதான், ஓடினால் எட்டிவிடலாம். ஆனால் உள்ளே போயிருப்பவர் என் தண்ணீரை நம்பிப் போயிருக்கிறார். ஏகாம்பரநாதா, அவளை விட்டுவிடு, வேறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வாய்விட்டே கெஞ்சினேன். உள்ளே கூரை சரிந்து விழும் சத்தம் கேட்டது.

அப்பாதுரை அண்ணன் இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"யாரும் இல்லபா. வெறும் பாய்தான் கெடந்துச்சு. கூரை அது மேலதான் வுழுந்துச்சு. பக்கத்து வூடும் காலி. அத்தினி பேரும் சாமி பாக்க வந்துட்டு கீறாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு தட்டு வந்தது. கற்பூரம் அணைந்திருந்தது. தட்டுக்குப் பின்னால் வயிறு, வயிற்றுக்குப் பின்னால் ஏலவார்குழலி.

"சாமி மணி கேட்டுச்சேன்னு எழுந்து ஓடியாந்தேன்" என்றாள். "வந்தா, சாமி என்னப் பாத்து எரும மாடு நவுருன்னுது."

அப்பாடா என்று அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு வந்தது. அழுதேனா சிரித்தேனா என்று அப்பாதுரை அண்ணனைத்தான் கேட்க வேண்டும். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் நகரக் கூடாது. அவளே கிட்டே வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். மீதியை எடுத்துக்கொண்டு, வண்டியின் முன்பக்கம் போய் அந்த மணிக்கும் வைத்தாள்.